அரை நிமிடத்தை இரட்டிக்காதவர்

அவர் எழுதிய எண்களைத்தான் முதலில் கவனித்தேன். முகத்தைக் கவனித்தது அதற்குப் பிறகு.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். தேனிப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. எட்டுக் கட்டில்கள், எட்டு மெஷின்கள். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். எடை, ரத்த அழுத்தம், நாடி, மூச்சு என்று அதில் கட்டங்கள். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். கொண்டுபோன புத்தகம் தீர்ந்துபோனால் நான் அட்டையை வாசிப்பேன். மூச்சுக் கட்டத்தில் பெரும்பாலும் இருபது என்று இருக்கும். இல்லையென்றால் பதினெட்டு. இருபது, இருபது, பதினெட்டு, இருபது. நடுவில் ஒரு நாள் பதினேழு. இன்னொரு நாள் இருபத்து மூன்று. பிறகு பத்தொன்பது. அந்த நாட்களில் எல்லாம் கையெழுத்து ஒன்றுதான். கறுப்பு மை, சிறிய எழுத்து, ஏழின் கழுத்தில் ஒரு குறுக்குக்கோடு.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. வேலையில் இருந்த முப்பத்தோரு வருடமும் லோயர் கேம்ப் மின்நிலையத்திலிருந்து இறங்கிவரும் தண்ணீரின் மட்டத்தைக் கால்வாய்க் கரையில் நின்று படித்துப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் நாட்குறிப்பு எழுதினேன். மழை, பனி, திராட்சைப் பந்தலில் முதல் குலை கறுத்த நாள், சுருளியில் வெள்ளம் வந்த நாள், வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எல்லாம். போய்ப் பார்த்து எழுதிய எண்ணும் போகாமல் எழுதிய எண்ணும் வேறு வேறு ஜாதி. போகாமல் எழுதிய எண் உருண்டையாக இருக்கும், நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். அடைமழையில் நானே இரண்டொரு முறை அப்படி எழுதியிருக்கிறேன். இன்று பக்கத்தைப் புரட்டினாலும் அந்த எண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

அதனால் அந்தப் பதினேழையும் இருபத்து மூன்றையும் கண்டதும், இங்கே யாரோ ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பின்னாளில் உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "பேரு எதுக்கு சார்? என்னைக்கு நடந்துச்சுன்னு எழுதுங்க, போதும்" என்றார். டயாலிசிஸ் பிரிவில் எல்லாரும் அவரைச் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரீ இல்லை, நர்ஸ். உத்தமபாளையத்துக்கு மேற்கே, பரம்பரையாகக் கோயில் மணிக்கு எழுந்திருக்கிற கிறிஸ்தவக் கிராமம் ஒன்றில் வாத்தியார் வீட்டுப் பெண். நாற்பதைத் தாண்டியிருந்தார். ஒல்லி, உயரம். சட்டையில் தலைகீழாகக் குத்திய சிறிய கடிகாரம். குனிந்து பார்த்தால் அவருக்கு மட்டும் நேராகத் தெரியும்.

நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்ததும் பக்கத்தில் வந்து மணிக்கட்டைப் பிடிப்பார். நாடி பார்க்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். நாடியைத் திரையே காட்டிக்கொண்டிருக்கும். அவருடைய கண் காறையெலும்புக்குக் கீழே, நெஞ்சு ஏறி இறங்கும் இடத்தில் இருக்கும். நொடி முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை அப்படியே நிற்பார். தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிப்போகும், அதற்காகத்தான் இந்த நாடி நாடகம்.

அதை உடைத்தவள் என் மனைவி.

"நாடிதான் டிவியில ஓடுதே சிஸ்டர். இன்னும் எதுக்குக் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக?"

"பேசாம இருங்கக்கா."

"பேசாம இருந்தா நான் செத்துல்ல போவேன்."

"பேசுனா எனக்கு எண்ணிக்க விட்டுப்போகும். இப்ப பாருங்க, பன்னெண்டோட போச்சு. மொதல்லருந்து வரணும்."

மறுபடி முதலிலிருந்து, மறுபடி முழு நிமிடம். பக்கத்துக் கட்டில்காரர் கம்பம் ஊரில் ஏலக்காய் வியாபாரம் செய்த ராவுத்தர். வாய் ஓயாதவர். அவர் அங்கிருந்தே சொன்னார்: "ஆத்தா, நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள போடியில இன்னைக்கு ஏலமே முடிஞ்சிருக்கும்."

"முடியட்டும் பாய். உங்களுக்கு வெல கொறைஞ்சா நான் பொறுப்பில்ல."

எட்டுப் பேரை எண்ணினால் எட்டு நிமிடம். காலை ஷிப்ட் அதனால் தாமதமாகும். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர்மேல் பிரியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சின்னப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் ஆகாதா என்று மேலாளர் ஒருமுறை என் காதுபடவே கேட்டார். "ஆகாது சார்" என்பதோடு முடித்துக்கொண்டார். விளக்கம் சொல்லவில்லை. எனக்கே அன்று அது கொஞ்சம் பிடிவாதமாகத்தான் பட்டது.

விளக்கம் சொல்லத் தெரியாதவர் இல்லை அவர். ராவுத்தருக்குச் சொன்னதை அன்றே எழுதிவைத்திருக்கிறேன்.

ராவுத்தர் ஒரு வெள்ளிக்கிழமை வாடிப்போய் வந்தார். ஒரு மாதமாகப் புளி சேர்க்கவில்லை, மோர் சேர்க்கவில்லை, எலுமிச்சை கண்ணிலும் படவில்லை என்றார். "டாக்டரு ரத்தத்துல ஆசிட் கூடிப்போச்சுன்னாக. அதான் புளிப்பே வேண்டாம்னுட்டேன். புளியில்லாம மீன் கொழம்பு வச்சா, ஆத்தா, அத மனுசன் திம்பானா?"

"ரத்தத்துல ஓடுறது ரசமா பாய்? நாக்குக்குத் தெரியிற புளிப்பு வேற, இது வேற. புளியக் கொறைங்கன்னு சொன்னதுக்குக் காரணம் பொட்டாசியம். நீங்க பட்டினியே கெடந்தாலும் உடம்பு தன் பாட்டுக்கு ஆசிட்ட உண்டாக்கிக்கிட்டேதான் இருக்கும். உசுரோட இருக்கதுன்னா அதான்."

"அப்ப அத யாரு எறக்குறது?"

"மூணு பேரு. ரத்தத்துக்குள்ளயே ஒருத்தன் இருக்கான். வந்த நொடியே கட்டிப் பிடிச்சுக்கிருவான், ஆனா ரொம்ப நேரம் தாங்க மாட்டான். அடுத்தவன் மூச்சு. தினக்கூலி. கூப்பிட்ட நிமிசத்துல வந்துருவான், புளிப்பக் காத்தா மாத்தி வெளிய தள்ளுவான். மூணாவது கிட்னி. மாசச் சம்பளக்காரன். கோப்பத் தொறக்கவே ரெண்டு மூணு நாளாகும். ஆனா அவன் செஞ்ச வேலதான் நெலச்சு நிக்கும்." என் பக்கம் திரும்பி, "சாரு கோவிச்சுக்காதீக" என்றார்.

"நம்ம ஆபீசரு ஓடிப்போயிட்டாரு, அப்படித்தான?" என்றார் ராவுத்தர்.

"ஓடிப்போயிட்டாரு. அவரு வேலையையும் சேத்துக் கூலிக்காரன் பாக்குறான். எம்புட்டுப் பாக்குறான்னு அவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நாமதான் எண்ணணும்."

அதன் பிறகு நான் பெரியகுளம் போய், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவரிடம் பாடப்புத்தகங்கள் வாங்கிவந்தேன். ஒன்றையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை. ரத்தத்தின் அமிலக் கணக்கு ஏழு புள்ளி மூன்று ஐந்துக்கும் ஏழு புள்ளி நான்கு ஐந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவு ஒடுக்கமான இடத்தில்தான் மனிதன் உயிரோடு நடமாடுகிறான் என்று படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. அடுத்த செவ்வாய் அவரிடம் எண்களைச் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிறவனைப் போலச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. சிரித்தார்.

"வரப்பு சார் அது. இந்தப் பக்கம் வழுக்குனா எல்லாருக்கும் தெரியும், மூச்சு வாங்கும். அந்தப் பக்கம் வழுக்குனா சத்தமே வராது."

இதையும் எழுதிவைத்தேன். எழுதியதோடு சரி.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் ஓடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில், வீட்டில் தொடக்கூடாத பண்டங்களை எல்லாரும் பையிலிருந்து எடுப்பார்கள். மீதி மூன்று மணி நேரத்தில் மெஷின் அதை இழுத்துப் போட்டுவிடும் என்பது நம்பிக்கை. ராவுத்தருக்கு மலைவாழை. என் மனைவிக்குத் திராட்சை, அதுவும் அவள் தம்பி வீட்டுப் பந்தலில் பறித்தது. சிஸ்டருக்கு இதில் சம்மதம் இல்லை. தடுக்கவும் இல்லை. கட்டிலருகே நின்று அவள் கைக்குள் எண்ணிப் போடுவார். பன்னிரண்டு. பதின்மூன்றாவதை அவள் எடுத்தால், "அக்கா, எனக்கு எண்ணத் தெரியும்" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷினுக்கு இரண்டு கேன்களில் கரைசல் வைப்பார்கள். ஒன்றில் அமிலம் கலந்தது, மற்றதில் பைகார்பனேட் பொடியைக் கரைத்தது. உடம்பு இழந்த காரத்தைத் திருப்பிக் கொடுப்பது இரண்டாவது கேன். அந்தப் பொடியை அவர் தன் கையாலேயே கரைப்பார். மெதுவாக, சோறு வடிக்கிறவர் கஞ்சியைப் பார்க்கிற கவனத்தோடு. ஒரு புதிய டெக்னீசியன் கேனை மூடித் தூக்கிக் குலுக்கியபோது ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். "குலுக்காதய்யா. அதுக்குள்ளயும் காத்து இருக்கு. அது போயிருச்சுன்னா மிச்சம் இருக்கது வேற சரக்கு." தண்ணீர்த் தட்டுப்பாடு வந்த ஒரு சித்திரை மாதத்தில், முந்தின நாள் கரைத்தது ஒரு கேன் தொடாமல் அப்படியே இருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டர் கேனைத் தொட்டியில் சாய்த்துவிட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். என்னைப் போன்றவனுக்கு எதற்கும் ஒரு தொடக்க நாள் வேண்டும். எப்போதோ எண்ணத் தவறி, யாரையோ இழந்திருப்பார் என்று மனதுக்குள் ஒரு கதைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்படி எல்லாம் ஒண்ணும் நடக்கல சார்" என்றார். "மூச்சுன்னு ஒரு கட்டம் போட்டு வச்சிருக்காக. அதுல எண்ணி எழுதுறேன். எண்ணுறதுக்கு யாராச்சும் செத்திருக்கணுமா?"

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

ஆவணிக் கடைசியில், அதே பாடப்புத்தகம் ஒன்றில், கேனில் கரைக்கிற பொடியும் ஆப்பமாவில் போடுகிற சோடாவும் ஒரே பொருள் என்று படித்தேன். எங்கள் பக்கம் மலைக்கு அந்தப்புறத்து மலையாளப் பழக்கத்தில் எல்லார் வீட்டிலும் ஆப்பம் உண்டு, சோடா டப்பாவும் உண்டு. டயாலிசிஸுக்கு முந்தின நாள், திங்களும் வியாழனும், என் மனைவி மூச்சு வாங்குவாள். படியேற முடியாது. ஒரு வியாழக்கிழமை காலையில் கொஞ்சம் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். மாலையில் தனக்கு லேசாக இருப்பதாகச் சொன்னாள். அன்றே நாட்குறிப்பில் புதிய கட்டம் ஒன்று போட்டேன். தலைப்பு "ஆ.சோ."

பிறகு தினமும் கொடுத்தேன். பிறகு காலையும் மாலையும். அளவைக் கூட்டினேன். பக்கத்தில் மூச்சுக்கு ஒரு கட்டம் போட்டு, நானே எண்ணி எழுதினேன். இருபத்து நான்கு, இருபது, பதினெட்டு, பதினாறு. வெள்ளம் வடிகிறபோது மட்டக்கோலில் எண் இறங்குவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு.

அவள் அடிக்கடி தண்ணீர் கேட்டாள். வெயில் என்று நினைத்தேன். இரண்டு நாள் வாந்தி. உதடு மரத்த மாதிரி இருக்கிறது என்றாள். விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. பலவீனம் என்றேன்.

"ஏங்க, சிஸ்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுத்தா என்ன?"

"சொன்னா வேண்டாம்பாக. மூச்சு எறங்கியிருக்கு பாரு. பதினாலு."

"உங்க டைரிப்படி நான் நூறு வயசு இருப்பேன்" என்றாள். பிறகு கொடுத்ததைக் குடித்தாள். என்மேல் இருந்த நம்பிக்கையில்தான் குடித்தாள் என்பதை இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

ஐப்பசி மூன்றாம் வெள்ளி. அதற்கு முந்தின மூன்று வாரமும் சிஸ்டருக்கு வேறு ஷிப்ட், அட்டையில் மூச்சு இருபதாகவே இருந்தது. விடியலிலிருந்து மழை. ஆட்டோவிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மருத்துவமனையில் எடை பார்த்தால் நான்கு கிலோ கூடியிருந்தது. கால் வீங்கியிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடினாள். டெக்னீசியன் தொலைபேசியில் டாக்டரைப் பிடித்தார். நீர் கோத்திருக்கிறது, உடனே மெஷினில் போடுங்கள் என்று உத்தரவு. ஊசியைப் பிரித்துவிட்டார்கள்.

சிஸ்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தின் முள் ஒரு சுற்று வந்தது. கையை விடவில்லை. இன்னொரு சுற்றும் நின்றார்.

"ஊசியக் கீழ வைங்க. மெஷினப் போடாதீக."

தொலைபேசியை வாங்கிக்கொண்டார். மறுமுனைச் சத்தம் எனக்கே கேட்டது. இவர் குரல் ஏறவில்லை. "ஆமா டாக்டர், நாலு கிலோ. ஆமா, கால் வீங்கிருக்கு. ஆனா மூச்சு ஒம்பதுதான் இருக்கு. தண்ணி கோத்து மயங்குனவுகளுக்கு மூச்சு ஓடணும், இது உக்காந்துருச்சு. இல்ல டாக்டர், மெஷின்ல பாத்ததில்ல, நான் எண்ணுனது. முழு நிமிசம், ரெண்டு தரம். மொதத் தரம் பத்து."

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "வீட்ல என்ன சார் குடுக்குறீக?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "டைரியக் குடுங்க."

பெருமைக்காக நானே பலமுறை அவரிடம் காட்டிய டைரி. பையில் இருந்தது. வாய் பொய் சொல்லிவிட்டது. ஆனால் எழுதிய பக்கத்தைக் கிழிக்க என்னால் ஆகாது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு பக்கத்தைக்கூட நான் கிழித்ததில்லை. கொடுத்தேன்.

"ஆ.சோ.ன்னா?"

"ஆப்ப சோடா."

தொலைபேசியில் அதைச் சொன்னார். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். மணிக்கட்டில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் காரம் மிஞ்சி, வரப்பின் அந்தப் பக்கம் அவள் வெகுதூரம் போயிருந்தாள். வழக்கம் போல மெஷினைப் போட்டிருந்தால் அது இன்னும் காரத்தைத்தான் அவளுக்குள் இறக்கியிருக்கும். டாக்டர் வந்த பிறகு, மெஷினில் அந்த அளவைக் குறைத்துவைத்து, மெதுவாக ஓடவிட்டார்கள். சிஸ்டர் ஸ்டூல் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். மற்ற ஏழு பேரையும் எண்ண மட்டும் எழுந்துபோய் வந்தார். அன்று ராவுத்தர் வாழைப்பழத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். மதியம் அவள் கண்விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகுதான் சிஸ்டர் வெளியே வந்து, டைரியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இருபத்தினாலு. இருபது. பதினெட்டு. பதினாறு. பதினாலு. பன்னெண்டு." விரலால் கட்டத்தைத் தடவினார். "மூச்சு என்ன சார், ஜோடி ஜோடியாவா வரும்?"

"அரை நிமிஷம் எண்ணி ரெட்டிச்சேன்."

"மிச்ச அரை நிமிசம் என்ன செஞ்சீக?"

யோசித்துப் பார்த்தேன். "எழுதிக்கிட்டு இருந்தேன்."

"அந்த அரை நிமிசத்துலயும் அக்கா இருந்தாக சார்."

"எண் கொறையக் கொறைய நல்லதுன்னு நெனச்சேன், சிஸ்டர்."

"அப்படிப் பாத்தா பூஜ்யம்தான் ரொம்ப நல்லது" என்றார். டைரியை மூடி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் என்னிடம் சொன்ன ஒரே கடுஞ்சொல் அதுதான். அதுவும் கடுமையாகச் சொன்னதல்ல.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி கேட்டாள்: "சிஸ்டர் உங்கள வஞ்சாகளா?"

"இல்ல."

"வஞ்சிருக்கலாம்."

ஜோடி எண்களின் கதையை அவளிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து காலையில் அவள் எழுந்ததும் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து முழு நிமிடம் எண்ணினேன். முதல் சில நாள் அது பெரிய வேலையாக இருந்தது. நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. முப்பத்தைந்தாவது நொடிக்கு மேல் எண்ணிக்கை கையில் இருக்கும், கண் அவளைப் பார்க்கத் தொடங்கும். இடது புருவத்தின் நுனியில் ஒரு பழைய தழும்பு. கல்யாணமான நாளிலிருந்து இருந்திருக்க வேண்டும். அந்த வயதில்தான் பார்த்தேன்.

அந்த ஐப்பசிக்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள். மாசிக் கடைசியில் இதயம் களைத்துப்போனது. மெஷின் ஓடத் தொடங்கியதும் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், நிறுத்துவார்கள். மூன்று முறை முயன்றார்கள். இனி அது அவளைக் காப்பாற்றாது, வதைக்கத்தான் செய்யும் என்று டாக்டர் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னார். அவளிடமும் சொன்னார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "அங்கன படுத்தா பந்தல் தெரியும்."

பங்குனி முதல் ஞாயிறு. பூசை முடித்து, இரண்டு பஸ் மாறி, சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை. சேலையிலும் அந்தக் கடிகாரத்தைக் குத்தியிருந்தார். என் மனைவியின் மூச்சு அப்போது ஆழமாகவும் வேகமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. மலையேறுகிறவளின் மூச்சு. ஆனால் முகத்தில் வேதனை இல்லை.

நான் அடுக்களைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரிகிறபோது கை அலமாரியில் இருந்தது. சோடா டப்பாவை ஒன்றரை வருடத்துக்கு முன்பே தூர எறிந்திருந்தேன். டப்பா இருந்த இடத்தில் ஒரு வட்டக்கறை. வாசலில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த மூச்சப் பாக்க முடியல, சிஸ்டர்."

"அது திணறல் இல்ல சார். ஆபீசரு இல்ல, மெஷினும் இல்ல. கூலிக்காரன் ஒத்தையா நின்னு பாக்குறான். கடைசி வரைக்கும் பாப்பான். அவனத் தடுக்காதீக. இங்கன வந்து உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இனி அட்டை கிடையாது, எழுதிக் காட்ட டாக்டரும் கிடையாது. ஆனாலும் முள் முழுச் சுற்று வரும்வரை நின்றார். என் மனைவி கண்ணைத் திறந்தாள்.

"எத்தன?"

"முப்பத்தொண்ணு அக்கா."

"ஒத்தப்படை" என்றாள், என்னைப் பார்த்து. "அப்ப நெசம்தான்."

தம்பி வீட்டிலிருந்து வந்த திராட்சை தட்டில் இருந்தது. சிஸ்டர் ஒன்றை எடுத்து, தோலை உரித்து, விதை நீக்கி அவள் உதட்டில் வைத்தார். இரண்டுக்கு மேல் அவளால் முடியவில்லை. அன்று திராட்சையை வேறு யாரும் எண்ணவில்லை. எண்ணியவன் நான் ஒருவன்தான்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார். மறுநாள் காலை அவருக்கு ஷிப்ட், எட்டுப் பேர் காத்திருப்பார்கள். வாசலில் செருப்பை மாட்டியபடி, "எண்ணுங்க சார்" என்றார்.

திங்கள் மதியம், மூன்று மணி சுமார். மைத்துனன் குடும்பம் கூடத்தில் இருந்தது. நான் ஸ்டூலில் இருந்தேன். மூச்சு காலையிலேயே வேகம் தணிந்து, இடைவெளி விட்டு வரத் தொடங்கியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. மூன்று. முள் கீழே ஆறைத் தொடுகிற இடத்தில் நான்கு.

அரை நிமிடம் முடிந்திருந்தது. பழைய ஆளாக இருந்தால் எட்டு என்று எழுதக் குனிந்திருப்பேன்.

நான் குனியவில்லை. முள் ஏழைத் தாண்டியது, எட்டைத் தாண்டியது. புருவத்துத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஒன்பதில். பத்தில். பதினொன்றில். கூடத்தில் யாரோ டம்ளரைக் கீழே வைத்த சத்தம். முள் மேலே பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாவது மூச்சு வரவில்லை.

எழுந்துபோய் மற்றவர்களிடம் சொல்வதற்கு முன்னால் அவருக்குத்தான் அழைத்தேன். ஷிப்ட் முடிந்திருக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அவர்தான் கேட்டார்.

"எத்தன சார்?"

"நாலு."

"முழு நிமிசமா?"

"முழு நிமிஷம், சிஸ்டர்."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.